முதல் தந்தியின் ரீங்காரம்

என் அண்ணன் ஷுன்பெய் மூன்று நாட்களாக ஒரு சத்தத்தை அழித்துக்கொண்டிருந்தான். அவனை அந்த வேலையில் இறக்கிவிட்டவள் நான்தான். அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது.

எங்கள் கடை ஒசாகாவில், தெஞ்சின்பாஷி கடைத்தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி. கீழே அம்மாவும் நானும் இரும்புக்கல்லில் ஒகோனோமியாகி என்கிற முட்டைக்கோஸ் அடை வார்க்கிறோம். மாடியில் அண்ணனின் ஒலிப்பதிவு அறை. அப்பா இருந்தவரை மாவு மூட்டை அடுக்கிய இடம் அது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, விளம்பரங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் அங்கே உட்கார்ந்துதான் இசை செய்கிறான். எல்லாம் கீபோர்டிலும் கணினியிலும் பிறக்கிற இசை.

"இவன் போடற பாட்டுல எல்லாம் முட்டைக்கோஸ் வாசனை அடிக்குது" என்பாள் அம்மா.

"அதனாலதான்மா கேக்கறவங்களுக்குப் பசிக்குது" என்பான் அவன்.

இந்த வருஷம் மே மாதம் ஒரு விளையாட்டு நிறுவனம் தொடக்கப் பாட்டு கேட்டது. கணினித் தாளமும் கீபோர்டும் இருக்க வேண்டும், நடுவே ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம் பேச வேண்டும். கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கிற ஷாமிசென் ஒலி கூடாது, ஒரு மனிதக் கை வாசித்ததாக இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் நட்சுஹோ நீளப் பெட்டியோடு எங்கள் படியேறி வந்தாள்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை. மற்ற நேரமெல்லாம் ஷாமிசென். முதல் நாள் அம்மா அவளிடம், "மாடியில இருக்கறவன் கடிக்க மாட்டான், ஆனா பேசவும் மாட்டான்" என்று சொல்லி அனுப்பினாள். அரை மணி நேரத்தில் மாடியிலிருந்து சண்டைச் சத்தம் கேட்டது.

"இந்த டிக் டிக்கை நிறுத்துங்க. வேலைக்கே வந்துட்ட மாதிரி இருக்கு."

"அது இல்லாம எப்படிங்க? தாளம் தப்பிடுமே."

"தப்பாது. மூச்சு விட வேண்டிய இடத்துல விடணும். உங்க மிஷினுக்கு மூச்சே இல்ல."

"மிஷினுக்கு எதுக்குங்க மூச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பேசறான்டி" என்றாள்.

கடைசியில் அண்ணன்தான் விட்டுக்கொடுத்தான். டிக் டிக்கை நிறுத்திவிட்டு அவளை அவள் போக்கில் வாசிக்கவிட்டான். பிறகு அவள் மூச்சு விட்ட இடங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் கணினித் தாளத்தை நகர்த்தி வைத்தான். இதற்கு முன் யாருக்காகவும் அவன் தாளத்தை அசைத்ததில்லை.

ஜூன் மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வந்தாள். சாப்பிட உட்காரும்போது எப்போதும் ஓரத்து நாற்காலியைப் பிடித்து, நாங்கள் எல்லோரும் தன் வலது பக்கம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்வாள். ஒருநாள் அம்மா நேராகவே கேட்டுவிட்டாள். அவளும் மறைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் அவளுடைய ஷாமிசென் மொட்டையாக ஒலித்ததாம். வாலறுந்த மாதிரி. தந்தி கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினாள். மறுபடி மாற்றினாள். மூன்றாவது முறையும் மாற்றினாள். பழுது தந்தியில் இல்லை, தன் இடது காதில் என்று புரிந்து மருத்துவமனைக்குப் போனபோது பதினோரு நாள் ஓடிவிட்டது.

"ஒரு வாரத்துக்குள்ள வந்திருக்கணும்னு சொன்னாங்க. பத்துக்கு ஏழு திரும்பி வந்துச்சு. மூணு வரல. இன்னொரு தடவை வந்தா இந்த ஏழும் நிக்குமான்னு சொல்ல முடியாதாம்."

சொல்லிவிட்டு, சாஸ் இருக்கிற பக்கம் கை நீட்டினாள். அண்ணன் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவளுக்கு வலது பக்கம் நின்று அதைக் கொடுத்தான். அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஜூலை முதல் ஞாயிறு கடைசிப் பகுதியும் பதிவானது. நட்சுஹோ கருவியைப் பெட்டியில் வைக்கப்போன நேரம், பட்டென்று ஒரு வெடிச்சத்தம். ஈரக்காற்றில் ஷாமிசென்னின் தோல் கிழிந்துவிட்டது. அதை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஒரு மழைக்காலத்தில் நடப்பதுதான்.

"வேலை முடியற வரைக்கும் பொறுத்துக்கிச்சு பாருங்க" என்று அவள் சிரித்தாள். அண்ணன்தான் துக்க வீட்டுக்காரன் மாதிரி நின்றான்.

கருவி புதுத் தோல் போட, ஷாமிசென் பழுதுபார்க்கிற ஹமுரோவின் கடைக்குப் போனது. அன்று மாலை அவளைத் துருவிய ஐஸ் சாப்பிடக் கூட்டிப் போய், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று அண்ணன் கேட்டிருக்கிறான். "பாட்டை முழுசா கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாளாம். இதை அவன் வாயிலிருந்து பிடுங்க எனக்கு நாலு நாள் ஆனது.

அதன் பிறகு பதிவுகளை ஒன்றாகக் கலந்து பாட்டாக்க உட்கார்ந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தது.

"அகேமி, கொஞ்சம் மேல வந்து கேளு. உனக்கு ஏதாவது கேக்குதா?"

கேட்டேன். தடித்த முதல் தந்தி அதிரும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஜ்ஜ்ஜ் என்று ஒரு ரீங்காரம். மற்ற தந்திகளை மீட்டும்போதும் சில இடங்களில் தானாக எழுந்தது.

"ஆமா. ஈ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது. அவன் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தீராத பயம் ஒன்று உண்டு. அறையில் எங்கோ ஒரு தளர்ந்த ஆணியோ கண்ணாடியோ வாத்தியத்தோடு சேர்ந்து அதிர்ந்து, அந்த அதிர்வு பதிவில் ஏறிவிடும் என்ற பயம். ஜன்னல் சட்டத்தில் துணியைச் செருகிப் பார்த்தான். விளக்கைக் கழற்றினான். கீழே வந்து எங்கள் எண்ணெய் டின்களைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டினான்.

"சுருதி துல்லியமா சேர்ற இடத்துலதான் இந்தச் சனியன் அதிகமா வருது. அவங்க அவ்வளவு அழகா வாசிச்சிருக்காங்க. இந்த ஓட்டை ரூம்ல உக்கார வெச்சது என் தப்பு."

"திரும்ப வாசிக்கச் சொல்லேன்."

"எதை வெச்சு? கருவி ஹமுரோகிட்ட கிடக்கு. புதன்கிழமை பாட்டைக் கொடுக்கணும். அதோட... என் ரூம் கண்ணாடி ஆடுதுன்னு எப்படிடி சொல்றது அவங்ககிட்ட?"

"கல்யாணம் பண்ணிக்கச் சொல்லிக் கேக்க வெக்கம் இல்ல. கண்ணாடி ஆடுதுன்னு சொல்ல வெக்கமா?"

"நீ கீழ போ. அடுப்புல கருகுது."

திரையில் ஒலி ஒரு வண்ணப்படம் மாதிரி விரிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கு மேலும் மெல்லிய முடிகள் மாதிரி கோடுகள் எழுந்து நின்றன. அவற்றை ஒன்று ஒன்றாக அழித்தான். வெள்ளி, சனி, ஞாயிறு மதியம் வரை. தட்டை நான்தான் மேலே கொண்டுபோய் வைத்தேன். நான்தான் எடுத்தும் வந்தேன், பாதி சாப்பாட்டோடு. அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் அவன் அப்படி உழைத்தான்.

முடித்ததும் எனக்குப் போட்டுக் காட்டினான். ஷாமிசென் கழுவித் துடைத்த கண்ணாடிக் கோப்பை மாதிரி இருந்தது.

"இப்பதான் சுத்தமா இருக்கு" என்றேன்.

பாட்டை நட்சுஹோவுக்கு அனுப்பினான். என்ன அழித்தான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை.

மறுநாள் திங்கள், கடல் தின விடுமுறை. கடை நிறையக் கூட்டம். பத்தரை மணிக்கு அண்ணன் படியிறங்கி வந்து, கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு நடுவே கையை நுழைத்து, கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

'பாட்டு நன்றாக இருக்கிறது. என் பகுதிகளை வேறு யாரையாவது வைத்து வாசிக்கச் செய்துவிடுங்கள். நீங்கள் கேட்ட விஷயத்துக்கும், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிக்கவும்.'

அம்மா எட்டிப் படித்தாள். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாததாலதான் நாப்பது வயசு வரைக்கும் இப்படி நிக்கற. இப்ப ஏதோ பண்ணியிருக்க."

தினமும் வருகிற மீன்கடைக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "விடுப்பா ஷுன்பெய். என்னை மூணு பேர் வேணாம்னாங்க. நாலாவதா சரின்னவளோடதான் இப்ப கஷ்டப்பட்டுக்கிட்டிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் பின்கட்டுக்குப் போய் நட்சுஹோவைக் கூப்பிட்டேன். நாலாவது மணி அடிக்கும்போது எடுத்தாள்.

"அகேமிசான், ஒண்ணு சொன்னா உங்க அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேன்."

"காது திரும்பப் போயிடுச்சு."

கடைக்குக் கேட்காமலிருக்கப் பின்கட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பாட்டுல முதல் தந்தி மொட்டையா இருக்கு. வாலே இல்ல. அன்னைக்கு மாதிரியேதான். ஹெட்ஃபோனை வலது இடது மாத்திப் போட்டும் பார்த்துட்டேன். இந்தத் தடவை வலது காதுலயும் இல்ல."

"அய்யோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"நேத்தே போனேன். லீவு நாள்ல காது சோதிக்கற ரூம் திறக்காதாம். மாத்திரை கொடுத்து நாளைக்குக் காலையில வரச் சொன்னாங்க."

"நான் பேசறது கேக்குதே உங்களுக்கு?"

"அப்பவும் பேச்சு கேட்டுச்சு. முதல்ல போனது அந்த வால் மட்டும்தான். எடுத்து வாசிச்சுப் பார்க்கலாம்னா கருவியும் வீட்ல இல்ல. நேத்துலேர்ந்து ஃப்ரிட்ஜ் சத்தத்தையும் வெளியில கத்தற சிள்வண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். நிஜமா கேக்குதா, நானா நினைச்சுக்கறேனான்னே தெரியல."

"அதுக்கு அண்ணனுக்கு ஏன் இல்லைன்னீங்க?"

"அவர் சத்தத்துலயே வாழற மனுஷன். காது கேக்காத பொண்டாட்டியை உக்கார வெச்சு எதைப் போட்டுக் காட்டுவார்? பாவம், அவருக்கு நான் அதைச் செய்யக் கூடாது."

வால் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அழுகிற பெண்ணிடம் அதற்கு விளக்கம் கேட்க முடியவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் முட்டைக்கோஸ் நறுக்கினேன். கட்டை விரலையும் கொஞ்சம் நறுக்கினேன்.

மதியம் ஹமுரோ கடையிலிருந்து அழைப்பு வந்தது. தோல் போட்டாயிற்று, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

"நானே வாங்கிட்டுப் போய்க் கொடுத்துடறேன். கடைசியா அதையாவது செய்யறேன்" என்றான் அண்ணன். அந்த முகத்தோடு அவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் என் சைக்கிளை எடுத்தேன்.

ஹமுரோ அண்ணனோடு நடுநிலைப் பள்ளியில் படித்தவர். கடைநிறைய ஷாமிசென்கள், பாதிக்கு மேல் ராக் இசைக்குழுக்களுடையவை. எங்களைப் பார்த்ததும், "என்னடா, சாவுக்குப் போய்ட்டு நேரா வர்றியா?" என்றார். பிறகு நட்சுஹோவின் கருவியை மடியில் வைத்து, முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்து, மீட்டுகிற தந்தத் தகட்டால் முதல் தந்தியை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

ஜ்ஜ்ஜ்.

அண்ணன் சட்டென்று கடை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். "உன் கடையிலயும் கண்ணாடி ஆடுதா?"

"எந்தக் கண்ணாடி?"

"அந்தச் சத்தம். ஜ்ஜ்ஜ்னு."

ஹமுரோ தகட்டை இறக்கினார். "டேய். இது வாத்தியத்தோட சத்தம்டா."

"இல்ல, தந்திக்குப் பின்னால வருதே..."

"பின்னாலதான் வரும். இங்க பாரு. மத்த ரெண்டு தந்தியும் இந்த மேட்டு மேல ஏறி வருது. முதல் தந்திக்கு மட்டும் மேடு கிடையாது. அது கழுத்துக் கட்டையில லேசா உரசணும். உரசினாத்தான் அப்படிப் பாடும். மத்த ரெண்டும் சுருதியில சரியா நின்னா, தொடாமலே இதுவும் கூட முனகும். அதை வெச்சுத்தான் வாசிக்கறவங்க சுருதியையே சரி பார்ப்பாங்க. ஏன், என்ன பண்ண நீ?"

"அழிச்சுட்டேன்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும். மூணு நாள் உக்காந்து."

ஹமுரோ சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "மிசோ சூப்பைக் கொடுத்தா வடிகட்டிட்டு வெந்நீரை எடுத்து வெச்ச முதல் ஆள் நீதான்டா" என்றார். "இப்ப கேளு. கழுத்துக்குப் பின்னாடி திருகு ஒண்ணு இருக்கு. இதை இப்படித் திருகினா ரீங்காரம் போயிடும்."

திருகினார். தட்டினார். டம். அவ்வளவுதான். மொட்டையாக.

மொட்டையாக. வாலறுந்த மாதிரி.

கொடுத்த வாக்கு எல்லாம் அந்த நிமிஷத்தில் பறந்துவிட்டது. "அண்ணா, இதுதான்! நட்சுஹோசான் வால் இல்ல வால் இல்லன்னு அழுதாங்களே, இதுதான்! நீ அனுப்பின பாட்டுல இது இல்லாததால, தன் காதுதான் திரும்பப் போச்சுன்னு நினைச்சிட்டிருக்காங்க!"

நான் கைப்பேசியை எடுத்தேன்.

"நட்சுஹோசான், உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல! அண்ணன்தான் அதை அழிச்சுட்டான்! இரைச்சல்னு நினைச்சு..."

"சொல்ல மாட்டேன்னீங்களே அகேமிசான்." குரல் வறண்டிருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஆறுதல் சொல்றீங்க. ஒலிப்பதிவு பண்றவர் போய் அதை அழிப்பாரா? நாளைக்கு டாக்டர் சொல்லட்டும், போதும்."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் அணைத்து வைத்திருந்தாள்.

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார் ஹமுரோ, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தபடியே. "காதுக்குக் காட்டுங்க. எடுத்துட்டு ஓடு."

அண்ணன் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அவன் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. ஆற்றுப் பாலத்தில் திருவிழாவுக்குத் தயாராகும் படகுகளை வேடிக்கை பார்க்க நின்றிருந்தவர்கள் திட்டினார்கள். பின்னால் வந்த நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

நட்சுஹோவின் வீடு மூன்றாவது மாடியில். அண்ணன் மணியடித்தான். உள்ளே காலடி வந்தது, கதவு வரை வந்து நின்றுவிட்டது.

"போங்க ஷுன்பெய்சான். என்னால இப்ப உங்க முகத்தைப் பார்க்க முடியாது."

அண்ணன் நடைபாதையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஷாமிசென்னைக் கிடார் மாதிரி மடியில் சாய்த்துக்கொண்டான். அது வழுக்கியது. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். தகடு எதுவும் இல்லாமல், கட்டை விரல் நகத்தால் முதல் தந்தியை இழுத்துவிட்டான்.

ஜ்ஜ்.

கதவுக்கு அந்தப் பக்கம் அசைவே இல்லை. மறுபடி இழுத்தான். இன்னொரு முறை. பக்கத்து வீட்டம்மா பூவாளியோடு எட்டிப் பார்த்து, "திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கேப்பா" என்றாள். நான் தலை குனிந்து வணக்கம் சொன்னேன். அண்ணன் நிறுத்தவில்லை. அவனுக்கு வியர்வை கண்ணில் வழிந்தது. முதல் தந்தி, இரண்டாவது, மூன்றாவது. மறுபடி முதல், இரண்டாவது, மூன்றாவது.

"மூணாவது தந்தி இறங்கியிருக்கு."

கதவுக்குள்ளிருந்து வந்தது குரல். அண்ணனின் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்னங்க?"

"மூணாவது இறங்கியிருக்கு. ரெண்டாவதும் சரியில்ல. புதுத் தோலை இந்த வெயில்ல எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"சைக்கிள்ல."

"சைக்கிள்லயா!"

கதவு திறந்தது. கசங்கிய உடையோடு, கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்க, கண் வீங்கி நின்றாள். ஒரு வார்த்தை பேசாமல் கருவியை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, செருப்பு கழற்றும் இடத்திலேயே உட்கார்ந்தாள். மூன்றாவது முறுக்காணியைத் திருகினாள். பிறகு இரண்டாவதை. மெல்ல, மெல்ல ஏற்றினாள். அது சரியான இடத்துக்கு வந்து நின்றபோது, யாரும் தொடாமலே முதல் தந்தி முனகியது.

அவள் கை நின்றுவிட்டது. இடது காதைக் கழுத்துக் கட்டையின் மேல் முனைக்கு அருகே சாய்த்து, இரண்டாவது தந்தியை மறுபடி மீட்டினாள். மறுபடி முனகியது.

"இருக்கு" என்றாள்.

பிறகு கருவியைப் பத்திரமாகச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டியில் கிடந்த துணி உறையை எடுத்து அண்ணனின் தோளில் நாலு அடி அடித்தாள்.

"நேத்து மதியத்துலேர்ந்து நான் என்னென்ன நினைச்சேன் தெரியுமா? கருவியை யாருக்குக் கொடுக்கறதுன்னு வரைக்கும் யோசிச்சு முடிச்சுட்டேன்! சத்தம் வருதுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சுங்க. என் ரூம் கண்ணாடி ஆடுதுன்னு நினைச்சேன்."

"கண்ணாடியா?"

"எண்ணெய் டின்னைக்கூடத் தட்டிப் பார்த்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. "நானும்தான் சொல்லல" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "மீன்ல முள் இருக்கும்னு யாராவது சொல்வாங்களா? உங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

"கேட்டதுக்கு இல்லைன்னு எழுதினீங்களே, அது...?"

"அதை அப்புறம் பேசலாம். இப்ப பசிக்குது."

பக்கத்து வீட்டம்மா இன்னும் அங்கேயேதான் நின்றாள். பூவாளியில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

செவ்வாய்க் காலை நட்சுஹோ மருத்துவமனைக்குப் போகத்தான் செய்தாள். அண்ணனும் கூடப் போனான். வலது காதுக்குக் குறை எதுவும் இல்லை. இடது காது பழையபடி பத்துக்கு ஏழு. அந்தத் தாளை அண்ணன் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டானாம், ஏதோ பரிசுச் சான்றிதழ் மாதிரி.

அசல் பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்து வைத்தான். இந்த முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த ரீங்காரம் வாழ்கிற அதே இடத்தில் தன்னுடைய கீபோர்டின் அடிநாதம் உட்கார்ந்து அதை அமுக்குவதைக் கண்டுபிடித்து, கீபோர்டை ஒதுக்கினான். தாளத்தைக்கூட ஓரிடத்தில் முழுக்க நிறுத்திவிட்டான். எல்லாம் அடங்க, முதல் தந்தி மட்டும் தன் வாலோடு தேய்ந்து மறைந்து, பிறகு எல்லாம் ஒன்றாக வந்து சேர்கிற இடம் ஒன்று இப்போது அந்தப் பாட்டில் இருக்கிறது. புதன் காலை அனுப்பினான். பத்து மணிக்கு நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. 'அந்த ஜ்ஜ்ஜ் அருமை. இன்னும் கொஞ்சம் தூக்க முடியுமா?'

புதன்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. மதியம் நட்சுஹோ கருவியோடு வந்தாள். பாட்டை முழுசாக ஒரு முறை கேட்டாள். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பாட்டு முடிந்தது.

"திரும்பி உக்காருங்க" என்றாள் நட்சுஹோ அண்ணனிடம்.

"எதுக்கு?"

"என் காதைச் சோதிச்சாச்சு. இப்ப உங்க காது. பின்னாடி இருக்கற திருகை நான் மாத்தி மாத்தி வெச்சுத் தட்டுவேன். பத்துத் தடவை. ரீங்காரம் இருக்கா இல்லையான்னு சொல்லணும். அதைப் பார்த்துட்டுத்தான் உங்களுக்குப் பதில்."

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அவன் காது நுனி சிவந்திருந்தது. அம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"இருக்கு... இல்ல... இல்ல... இருக்கு..."

ஏழாவதுக்கு வெகுநேரம் யோசித்தான். "இருக்கு" என்றான்.

நட்சுஹோ என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள். மிச்சம் மூன்றையும் சரியாகச் சொன்னான். திரும்பிப் பார்த்தவனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒண்ணு தப்பு. இல்லாததை இருக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

"அப்போ...?"

"பரவால்ல. இருக்கறதை இல்லைன்னு இனிமே சொல்லாம இருந்தா சரி." அவள் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். "என் இடது காது பத்துக்கு ஏழு. உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது. சேர்த்து வெச்சா சமாளிச்சுக்கலாம்."

அம்மாதான் கூட்டிப் பார்த்தாள்.

"இருபதுக்குப் பதினாறு" என்றாள், கல்லில் எண்ணெயை ஊற்றியபடி. "பள்ளிக்கூடத்துல இவன் ஒரு நாளும் இவ்வளவு மார்க் வாங்கினதில்ல."